ஐம்பத்தாறு சென்டிமீட்டர்

அத்தியாயம் 6

மேஜைமேல் ஒரு கண்ணாடி டம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் விரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் டேப் துண்டு. கரப்பான்பூச்சியைப் பிடித்து அடைத்ததுபோல அதை அடைத்து வைத்திருந்த அணி மேனேஜர், டம்ளர் மேலிருந்து கையை எடுக்கவே இல்லை.

“இதுதான் மேடம் ஆதாரம்” என்றார்.

“ஓடிடுமா சார்?” என்று கேட்டான் கொழுந்தன்.

மேனேஜர் ஒரு கணம் யோசித்துவிட்டுக் கையை எடுத்தார்.

துப்பறியும் தொழிலில் பதினோரு வருஷமாக இருக்கும் அந்தப் பெண்ணை முறைப்படி ‘அண்ணி’ என்று கூப்பிடும் உரிமை உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் இருந்தது. அவன் அவள் கணவனின் தம்பி, அவளுடைய உதவியாளன். போகிற இடமெல்லாம் அவன் அப்படியே கூப்பிட்டதில் கேஸ் கொண்டுவருகிறவர்கள், இன்ஸ்பெக்டர்கள், ஒருமுறை ஒரு கொலைகாரன் உட்பட எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். விலங்கு மாட்டப்பட்ட பிறகும் அந்தக் கொலைகாரன் “போயிட்டு வரேன் அண்ணி” என்றுதான் சொன்னான். அவளும் பழக்க தோஷத்தில் “பார்த்துப் போ” என்று சொல்லிவிட்டாள்.

“முதல்லேருந்து சொல்லுங்க” என்றாள் அண்ணி.

சொன்னவர் கோச். பேசும்போது கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்ச்சை அமுக்கிவிட்டுப் பேசுகிற பழக்கம் அவருக்கு.

சர்வதேசத் தடகளப் போட்டி. ஆண்கள் தொடர் ஓட்டம், நாலு பேர், ஆளுக்கு நூறு மீட்டர். நேற்று அரையிறுதி. இன்று மாலை ஏழரைக்கு இறுதி. ஓடப்போகிற நாலு பேரின் பெயரைப் பன்னிரண்டு மணிக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இப்போது மணி ஒன்பதரை.

“ரெண்டாவது ஓடறவன் எங்க கேப்டன். மூணாவது அவனோட சொந்தத் தம்பி, சின்னவன். அண்ணன் கையிலேருந்து தம்பி பேட்டனை, அதான் அந்தக் குச்சியை, வாங்கணும். வாங்கறவன் திரும்பிப் பார்த்துக்கிட்டே ஓட முடியாது. அதனால முன்கூட்டியே தரையில ஒரு டேப் ஒட்டி வெச்சுப்பான். வர்றவன் கால் அந்த டேப்பை மிதிச்ச நொடியில இவன் கிளம்பிடணும். அப்புறம் பின்னால பார்க்கவே கூடாது. கையை நீட்டினா குச்சி கையில வந்து உக்காரணும். அதுக்கு முப்பது மீட்டர் கட்டம் இருக்கு. அதைத் தாண்டிட்டா அணியே வெளியே.”

“டேப்பை யார் ஒட்டுவாங்க?”

“வாங்கறவன்தான். கட்டத்தோட ஆரம்பத்துலேருந்து, குதிகாலை விரலோட ஒட்டி ஒட்டி வெச்சுப் பின்னால அளந்துட்டே போவான். அவனவன் ஷூவால அவனவன் அளக்கணும். சின்னவனுக்கு இருபத்தேழு ஷூ நீளம். ஆறு மாசமா அதே இருபத்தேழு.”

“நேத்து?”

“நேத்து கட்டம் முடிய ஒரு சாண் இருக்கும்போதுதான் குச்சி கை மாறிச்சு. எனக்கு உயிரே போச்சு. எட்டு அணி இறுதிக்குப் போகலாம், நாங்க எட்டாவதா உள்ள நுழைஞ்சோம். உடனே இறங்கிப் போய் டேப்பை அளந்தேன். இருக்க வேண்டிய இடத்தைவிட ஐம்பத்தாறு சென்டிமீட்டர் கட்டத்துக்குக் கிட்ட வந்திருந்துது.” கோச் ஸ்டாப்வாட்ச்சை நிறுத்தினார். “யாரோ நகர்த்தியிருக்காங்க.”

அந்த ‘யாரோ’வைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு வெகுநேரம் ஆகவில்லை. அணியில் ஐந்தாவதாக ஒருவன் உண்டு, யாருக்காவது முடியாமல் போனால் ஓடுவதற்கு. பாதத்தின் அளவை வைத்து அவனைப் படகு என்று கூப்பிட்டார்கள். சின்னவன் டேப்பை ஒட்டியதற்கும் ஓட்டம் தொடங்கியதற்கும் நடுவே கால்மணி நேரம் இருந்தது. அப்போது வீரர்களின் மேலுடைகளை வாங்கிப்போக வந்த படகு, டேப் பக்கத்தில் குனிந்து நின்றதை மைதான ஊழியர் ஒருவர் பார்த்திருக்கிறார்.

“டேப் இடம் மாறியிருக்கறதைப் பார்த்துச் சின்னவன் குழம்பிட்டான். குத்துமதிப்பா முன்னாடியே கிளம்பிட்டான். அவன் சொதப்பினா இன்னைக்கு அவன் இடம் படகுக்குத்தானே?” என்றார் கோச்.

“குழம்பினேன்னு அவனே சொன்னானா?”

“நான்தான் ‘குழம்பிட்டியா’ன்னு கேட்டேன். ஆமான்னான்.”

அண்ணி அதை மனதில் ஒரு ஓரமாக எடுத்து வைத்தாள். வினாத்தாளோடு விடையையும் சேர்த்துக் கொடுக்கிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்களில் பாதிப் பேர் நல்லவர்கள்.

மேனேஜர் ஒரு கடிதத்தை நீட்டினார். தட்டச்சாகித் தயாராக இருந்தது. அணிக்குத் துரோகம், வாழ்நாள் தடைக்குப் பரிந்துரை. பதினோரு மணிக்குப் படகை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக வேனும் சொல்லியாகிவிட்டது.

“எல்லாம் முடிவாயிடுச்சே சார். எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க? சாட்சிக் கையெழுத்துக்கா?” என்றான் கொழுந்தன்.

மேனேஜர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். “அவனுக்கு இருபத்திரண்டு வயசு. என் கையெழுத்தோட அவன் ஓட்டமே முடிஞ்சிடும். ராத்திரியிலேருந்து மூணு தடவை பேனாவை எடுத்துட்டேன். கை ஓட மாட்டேங்குது.”

அணியிலேயே ஓடாத ஒன்று அந்தக் கைதான் போலிருக்கிறது என்று அண்ணி நினைத்தாள். அதனாலேயே அவரை அவளுக்குப் பிடித்துப்போனது.

அணி தங்கியிருந்த அதே விடுதியில் படகின் அறை இரண்டாவது மாடியில்.

“லிஃப்ட்ல போலாம் அண்ணி. படியேறினா எனக்கு மூச்சு வாங்கும்” என்றான் கொழுந்தன்.

“ரெண்டு மாடிடா.”

“ரெண்டும் மாடிதானே.”

லிஃப்ட் எட்டாவது மாடியிலிருந்து நின்று நின்று இறங்கி வந்தது. முப்பத்துநாலு வயதில் இத்தனை சோம்பல் ஆகாது என்று அவள் சொல்ல நினைத்து, எதற்கு என்று விட்டுவிட்டாள்.

படகு பெட்டியைக் கட்டி முடித்து அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அழுததுபோலத் தெரியவில்லை. எதையாவது மறந்து வைத்துவிட்டோமா என்று அறையைக் கண்ணால் துழாவிக்கொண்டிருந்தான்.

“டேப் ஓரம் தூக்கிட்டு இருந்துது மேடம். காத்துல பிச்சுக்கும்னு குனிஞ்சு அழுத்தி விட்டேன். அவ்வளவுதான்.”

“இதைக் கோச்கிட்ட சொன்னியா?”

“சொன்னேன். ‘அழுத்தினியா, நகர்த்தினியா’ன்னு கேட்டார். அப்படிக் கேட்டப்புறம் என்ன சொன்னாலும் பொய் மாதிரிதானே கேக்கும்?”

“அவங்க தடுமாறணும்னு நீ ஆசைப்பட்டதே இல்லையா?”

படகு அவளை நிமிர்ந்து பார்த்தான். “தினமும் ஆசைப்பட்டிருக்கேன். யாருக்காவது காய்ச்சல் வரணும், யாருக்காவது கால் பிசகணும். அஞ்சாவது ஆளுக்கு வேற என்ன வேண்டுதல் மேடம் இருக்கும்? ஆனா வேண்டிக்கிறது வேற, நானே போய்க் கையை வெக்கறது வேற.”

குற்றம் செய்தவர்கள் முதலில் தங்கள் ஆசைகளைத்தான் கழுவித் துடைத்துக் காயப்போடுவார்கள். இவன் அழுக்கோடு அப்படியே எடுத்து முன்னால் வைத்தான். அண்ணிக்கு அவனை நம்பத் தோன்றியது. நம்பத் தோன்றுவது ஆதாரம் ஆகாது என்பதும் அவளுக்குத் தெரிந்ததால் கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்தாள்.

“உன் ஓட்ட ஷூவைக் கொஞ்சம் எடு.”

கொழுந்தன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். “இது ஷூவா, தொட்டிலா?”

“முப்பத்தொண்ணு சென்டிமீட்டர்” என்றாள் அண்ணி.

நாற்றத்துக்குப் பயந்து ஷூக்களை அறைக்கு வெளியே செய்தித்தாள் விரித்து வைக்க வேண்டும் என்பது மேனேஜரின் சட்டம். நடைபாதையில் கதவுக்குக் கதவு ஜோடி ஜோடியாக நின்றன. கேப்டனும் சின்னவனும் தங்கிய அறை வாசலில் அண்ணி மெல்ல, ஒரு கையைச் சுவரில் ஊன்றிக் குனிந்தாள். சின்னவனின் ஷூவை அளந்தாள். இருபத்தெட்டு.

அப்படியே டேப்பைப் பிடித்தபடி நின்றாள்.

“என்ன அண்ணி?”

“அவசரத்துல கையால பிச்சு நகர்த்துறவன் எவ்வளவு நகர்த்துவான்?”

“நாப்பது, எழுவது, வாய்க்கு வந்தது. இல்ல, கைக்கு வந்தது.”

“நேத்து நகர்ந்தது ஐம்பத்தாறு. இருபத்தெட்டும் இருபத்தெட்டும் ஐம்பத்தாறு.”

கொழுந்தன் ஷூவைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், குரலைத் தணித்தான். “சின்னவனோட ஷூவால கச்சிதமா ரெண்டு. அப்போ அவனே தனக்குக் குழி வெட்டிக்கிட்டானா?”

“குழியா, மேடான்னு பார்த்துடலாம். அந்தப் பேப்பரைச் சுருட்டு.”

அவன் செய்தித்தாளைச் சுருட்டி அவள் கையில் கொடுத்துவிட்டு நடைபாதையில் தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றான். அவனுக்குப் பின்னால் எட்டடி தூரத்தில் அண்ணி தன் கைக்குட்டையைத் தரையில் போட்டாள். அவள் வேகமாக நடந்து வந்து அதை மிதித்து “போ” என்றதும் அவன் கிளம்ப வேண்டும். கிளம்பினான். அவளுக்குப் பிடிக்கக் கிடைக்கவில்லை. கைக்குட்டையை நாலடிக்குக் கொண்டுவந்து போட்டார்கள். இந்த முறை அவன் அசைவதற்குள் அவள் வந்து முதுகில் மோதினாள்.

துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த துப்புரவுப் பெண் நின்று பார்த்தாள். “நீங்களும் போட்டிக்கு வந்தவங்களா?”

“ஆமாங்க. குடும்பப் பிரிவு” என்றான் கொழுந்தன்.

அவள் நம்பி, வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

அண்ணி கைக்குட்டையை எடுத்து உதறினாள். “துணி கிட்ட இருந்தா நீ லேட்டா கிளம்பற. நான் உன்னைச் சுலபமா பிடிச்சுடறேன். டேப் நகர்ந்துதுன்னு கேட்டதுமே எல்லாரும் பதறிட்டாங்க. எந்தப் பக்கம் நகர்ந்துதுன்னு யாரும் யோசிக்கல. இது கெடுக்கறதுக்காக நகர்த்தின டேப் இல்ல. கொடுக்க வர்றவனுக்குச் சுலபமாகட்டும்னு நகர்த்தினது.”

“ஆனா கோச் சொல்றாரே, பையன் குழம்பி முன்னாடியே கிளம்பிட்டான்னு?”

“அந்த வீடியோவைப் போடு.”

கொழுந்தனின் போனில் நேற்றைய ஓட்டம் இருந்தது. கோச் அதை நாற்பது முறை பார்த்ததாகச் சொல்லியிருந்தார். நாற்பது முறையும் அவர் பார்த்தது கைகளை. கைகள் கோட்டைவிட்டால் எல்லாமே போச்சு என்று முப்பது வருஷம் சொல்லிக் கொடுத்தவர். அண்ணிக்குத் தொடர் ஓட்டம் பற்றி ஒன்றும் தெரியாது. அவள் கால்களைப் பார்த்தாள்.

கேப்டனின் கால் மஞ்சள் டேப்பை மிதித்தது. அதே நொடியில் சின்னவன் கிளம்பினான். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தார்கள். குழப்பமும் இல்லை, குத்துமதிப்பும் இல்லை. கடிகாரம் மாதிரிக் கிளம்பியிருந்தான்.

“சரியாத்தான் கிளம்பியிருக்கான். அண்ணனுக்குச் சாதகமா டேப்பும் கிட்ட வந்திருக்கு. அப்படியும் அண்ணனால ஒரு சாண் மிச்சத்துலதான் பிடிக்க முடிஞ்சிருக்கு” என்று கொழுந்தன் மெதுவாகச் சொன்னான். “கேப்டனுக்கு என்னமோ ஆயிடுச்சு அண்ணி. ஆனா தம்பிக்குத் தெரிஞ்சா கோச்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? போய் அண்ணன்கிட்டயே கேட்க வேண்டியதுதானே? எதுக்குத் திருட்டுத்தனமா டேப்பை நகர்த்தணும்?”

அதை யோசித்துக்கொண்டே அண்ணி, மேனேஜரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று படிக்கட்டு பக்கம் திரும்பினாள்.

“லிஃப்ட் அண்ணி. இறங்கினாலும் மூச்சு வாங்குது எனக்கு” என்றான் கொழுந்தன்.

அண்ணி நின்றாள். போன மாதம் நண்பன் வீடு மாறியபோது மூன்று மாடிக்கு ஃபிரிட்ஜைத் தூக்கிப்போனவன் இவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பந்து விளையாடப் போகிறவன். எப்போதிலிருந்து இவனுக்கு மூச்சு வாங்குகிறது? அவள் எண்ணிப் பார்த்தாள். இரண்டு வருஷமாக. அவளுடைய வலது முழங்கால் படிகளில் குத்த ஆரம்பித்தும் இரண்டு வருஷம்தான் ஆகிறது. அந்த வலியை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை, கணவனிடம் சொல்லவில்லை, தன்னிடமே சரியாகச் சொல்லிக்கொண்டதில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சாதித்திருப்பாள். அது தெரிந்தவன் கேட்கவே இல்லை. தனக்கு ஒரு வியாதியைச் சம்பாதித்துக்கொண்டான்.

கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் இருந்ததை அவள் கிளறவில்லை. வேலை நேரம்.

“எதுக்குத் திருட்டுத்தனமான்னு கேட்டியே?” என்றாள்.

“ஆமா.”

“உனக்குப் புரியாது. வா, கதவைத் தட்டலாம்.”

சின்னவன் கதவைத் திறந்தான். கேப்டன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான், மடியில் போர்வை. வந்தவர்களைப் பார்த்து எழப்போய் எழாமல் சிரித்து வைத்தான். கட்டிலுக்குக் கீழே பனிக்கட்டி வாளி ஒன்று பாதி ஒளிந்திருந்தது. அறையில் குளிரவைக்க வேண்டிய பானம் எதுவும் இல்லை.

அண்ணி சின்னவனிடம் போனை நீட்டினாள். “இது நீ. இது உங்க அண்ணன் கால். நீ குழம்பவே இல்லையே தம்பி. எதுக்கு டேப்பை ரெண்டு ஷூ கிட்ட வெச்ச?”

“நான் வெக்கல. அதான் படகு...”

“படகோட ஷூ முப்பத்தொண்ணு. உன்னது இருபத்தெட்டு. உன் டேப்பை நகர்த்த யாரும் திருட்டுத்தனமா வர வேண்டியதில்ல. ஒட்டும்போதே நீ இருபத்தஞ்சு அளந்து ஒட்டிட்ட. ஆறு மாசமா இருபத்தேழு. கோச் எண்ண மாட்டார்னு நினைச்ச.”

அதற்குப் பதில் பேசியது கேப்டன்.

“ரெண்டா?” என்றான்.

சின்னவன் தரையைப் பார்த்தான்.

“எப்போலேருந்து தெரியும் உனக்கு?”

“வர்ற வழியில, ஏர்போர்ட்ல. கடைசி அழைப்புன்னு எல்லாரும் ஓடினோமே. நீ எனக்குப் பின்னால வந்தேண்ணா. நீ எனக்குப் பின்னால வந்ததே கிடையாது.”

“அப்புறம் ஏன் ரெண்டு? ரெண்டு பத்தலையே. நேத்து மயிரிழையில தப்பினோம்.”

“மூணுதான் அளந்தேன்.” என்றான் சின்னவன். “மூணு வெச்சா ஓடி வரும்போதே நீ கண்டுபிடிச்சிடுவ. எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சிடும். இது உன் கடைசிப் போட்டிண்ணா. அதான், மறுபடி எடுத்து ரெண்டுல ஒட்டினேன். அவசரத்துல ஓரம் சரியா ஒட்டல.”

கொழுந்தனுக்குக்கூட இதற்கு ஒரு கிண்டல் தோன்றவில்லை. அண்ணியின் பதினோரு வருஷ அனுபவத்தில் இது இரண்டாவது முறை.

பிறகு கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்: “அவனைப் பெட்டி கட்ட வெச்சுட்டாங்கடா. நீ வாயைத் திறக்கல?”

“திறந்தா ஏன் நகர்த்தினேன்னு சொல்லணும். உன் காலைப் பத்திச் சொல்லணும்.” சின்னவன் நிமிர்ந்தான். “நீ திறந்தியா? நேத்து தாமதமானது உன் காலாலதான்னு உனக்குத் தெரியும். நீயும்தானே சும்மா இருந்த?”

ஒருவரை ஒருவர் மறைத்துக் காப்பாற்றிக்கொள்ள இந்த இரண்டு பேருக்கும் மூன்றாவதாக ஒருவன் கழுத்து தேவைப்பட்டிருக்கிறது என்று அண்ணி நினைத்தாள். பாசத்தால் செய்யப்படும் குற்றங்களைத்தான் கண்டுபிடிப்பது கஷ்டம். செய்தவர்களுக்கே அது குற்றம் என்று தெரிவதில்லை.

“மணி பதினொண்ணுக்கு ஆறு நிமிஷம்” என்றாள். “எனக்கு வேலை முடிஞ்சுது. மேனேஜர்கிட்ட நான் சொல்லணுமா, நீங்க சொல்றீங்களா?”

கேப்டன் போர்வையை விலக்கினான். வலது தொடையின் பின்பக்கம் முழுக்கக் கட்டு. எழுந்தான். மூன்று வாரமாக எல்லோர் கண்ணெதிரிலும் நேராக நடந்து காட்டியவன், கதவைத் தாண்டியதும் நன்றாகவே நொண்டினான்.

வாசலில் வேன் உறுமிக்கொண்டிருந்தது. படகின் பெட்டி உள்ளே ஏறிவிட்டது, படகு ஏறப்போகிறான். மேனேஜர் ஒரு கையில் கடிதமும் மறுகையில் பேனாவுமாக நின்றார். கோச் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் பார்த்தது படகுதான். நொண்டி நொண்டி வந்தவனின் காலைப் பார்த்தான், பின்னால் வந்த சின்னவனின் முகத்தைப் பார்த்தான். அதற்கு மேல் யாரும் அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

“எத்தனை நாளா?” என்றான்.

“மூணு வாரம்” என்றான் கேப்டன். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் சொன்னான். தன் பங்கைக் குறைக்கவும் இல்லை, தம்பியின் பங்கைக் குறைக்கவும் இல்லை. கோச் கேட்டுக்கொண்டே போய் வேனின் படியில் உட்கார்ந்துவிட்டார். பத்து வயதிலிருந்து அவர் ஓடக் கற்றுக்கொடுத்த கால் அது.

மேனேஜர் கடிதத்தை ஒருமுறை படித்தார். “அப்போ இதுல யார் பேரை மாத்திப் போடணும்?” என்று நிஜமாகவே கேட்டார்.

“என் பேரைப் போடுங்க” என்றான் கேப்டன்.

“டேப்பை வெச்சது நான் சார். என் பேரு” என்றான் சின்னவன்.

“கிழிங்க சார் அதை” என்றான் படகு.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் முகத்தில் மன்னிப்பு எதுவும் இல்லை. வேனுக்குள் கைவிட்டுப் பெட்டியைத் தரதரவென்று இழுத்துக் கீழே போட்டான்.

“கேப்டனால ஓட முடியாது. இவன் பேரையும் எழுதிட்டீங்கன்னா மிச்சம் மூணு பேர். மூணு பேரை வெச்சு எந்த ஊர்ல சார் ரிலே ஓடறாங்க? நாளைக்கு எழுதுங்க. நானே தட்டச்சுப் பண்ணித் தரேன்.”

மேனேஜர் கடிதத்தை நாலாகக் கிழித்தார். இந்த முறை அவர் கை தயங்கவில்லை.

சின்னவன் ஒரு எட்டு முன்னால் வந்தான். “படகு, நான் உன்கிட்ட...”

“ஒண்ணும் சொல்லாத. சாயங்காலம் ரெண்டாவது ஓடப்போறது நான். உன் கையிலதான் குச்சியைக் கொடுத்தாகணும். உன் பேச்சைக் கேட்டேன்னா கொடுக்கத் தோணாது.” படகு பெட்டியைத் திறந்து, கட்டி வைத்த துணிகளுக்கு அடியிலிருந்து தன் பெரிய ஷூக்களைத் தோண்டி எடுத்தான். “ஓடிப் பழகலாம் வா. இன்னும் எட்டரை மணி நேரம்கூட இல்ல. நாம ஒரு தடவைகூடச் சேர்ந்து ஓடினதில்ல.”